ஹெட்போன் வாங்கும் வரிசை: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது

"ரெண்டாயிரத்துக்குள்ள நல்லதா ஒரு ஹெட்போன் சொல்லுங்க" என்று கேட்பவர்களுக்கு நேரடியாகப் பதில் சொல்ல வழியில்லை. அந்த விலையில் பஸ் பயணத்துக்கு நல்லது ஒன்று, கீபோர்டு பழக நல்லது வேறொன்று, அப்பா டிவி பார்க்க நல்லது மூன்றாவது ஒன்று. எங்கே கேட்கப்போகிறீர்கள், எதில் செருகப்போகிறீர்கள், காதில் ஒழுங்காக உட்காருகிறதா என்ற மூன்றையும் முடித்த பிறகுதான் ஒலி எப்படி இருக்கிறது என்ற பேச்சே வரவேண்டும். புதிதாக வாங்குபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிராண்டில் ஆரம்பித்து, பெட்டியில் போட்ட எண்களில் மயங்கி, வீட்டுக்கு வந்தபிறகு மைக் வேலை செய்யவில்லை என்று தெரிந்துகொள்கிறார்கள்.

கடைக்குப் போகுமுன் சில விஷயங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பயன்படுத்தும் போன், அதில் டவுன்லோட் செய்த, உங்களுக்கு வரிவரியாகத் தெரிந்த ஐந்தாறு பாடல்கள், கண்ணாடி போடுபவர் என்றால் அந்தக் கண்ணாடி. கடையின் வைஃபையை நம்பி யூடியூபில் பாடலைத் தேட வேண்டாம். அங்கே தரம் குறைத்து ஓடும், தவறு ஹெட்போனில் இருப்பதாகத் தோன்றும்.

1. போன வாரம் உண்மையில் என்ன கேட்டீர்கள் என்று எழுதுங்கள்

மனதுக்குள் யோசித்தால் போதாது, எழுதவே வேண்டும். யோசிக்கும்போது எல்லோரும் இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பாட்டு கேட்கும் ரசிகராகிவிடுகிறோம். எழுதிப் பார்த்தால் தினமும் நாலு மணி நேரம் மீட்டிங், ஒரு மணி நேரம் பஸ், பாட்டு கேட்டது ஞாயிற்றுக்கிழமை சமையல் நேரத்தில் மட்டும் என்று தெரியவரும்.

அதிக நேரம் பிடிக்கும் வேலையைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். முக்கியப் பணம் அதற்குத்தான். இரண்டாவது தேவைக்குத் தனியாக மலிவான ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பஸ்ஸில் வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது. வீட்டில் நிதானமாகக் கேட்கும்போது சற்றுத் திறந்த அமைப்பே இனிமை. இந்த இரண்டையும் ஒரே பொருளில் தேடினால் இரண்டும் அரைகுறையாகத்தான் கிடைக்கும்.

2. எதில் செருகப்போகிறீர்கள் என்று பாருங்கள்

போனில் 3.5 மி.மீ. ஓட்டை இருக்கிறதா? இல்லையென்றால் டைப்-சி அடாப்டர் வேண்டும். அடாப்டரில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் வெறும் கம்பி மட்டும். போனே ஒலியை அனலாகாக, அதாவது ஹெட்போனுக்கு நேரடியாக ஒத்துவரும் மின்னலையாக, டைப்-சி ஓட்டை வழியே அனுப்பினால்தான் அது வேலை செய்யும். இன்னொன்றில் டிஜிட்டல் ஒலியை மாற்றித் தரும் சிப் உள்ளேயே இருக்கும், அதை டாக் என்பார்கள். பல போன்கள் அனலாக் ஒலி அனுப்புவதில்லை என்பதால் டாக் உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்து ஹெட்போன் வயரின் நுனியிலுள்ள பின்னை உற்றுப் பாருங்கள். உலோகத்தின் மேல் கறுப்பு வளையம் மூன்று இருந்தால் மைக்கும் சேர்ந்தது, இரண்டு இருந்தால் ஒலி மட்டும். பழைய டெஸ்க்டாப்பில் பச்சை, பிங்க் என்று தனித்தனி ஓட்டைகள் இருக்கும். மூன்று வளையப் பின்னை அதில் செருகினால் பாட்டு கேட்கும், மைக் எடுக்காது. ஹெட்செட் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புமுன் ஒலியையும் மைக்கையும் இரண்டு பின்னாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர் வாங்கிப் பாருங்கள்.

கீபோர்டு, மிக்ஸர், ஆடியோ இன்டர்பேஸ் போன்றவற்றில் பெரும்பாலும் 6.35 மி.மீ. ஓட்டைதான். அதற்கான அடாப்டர் வாங்கும்போது ஸ்டீரியோ என்று சொல்லிக் கேளுங்கள். மோனோ அடாப்டரைக் கொடுத்துவிட்டால் ஒரு காதில் மட்டுமே கேட்கும்.

கடைசியாக ஓம் கணக்கு, அதாவது ஹெட்போனின் மின்தடை. போனில் நேரடியாகச் செருகுவதற்கு 16 முதல் 32 ஓம் வரை இருப்பவை வசதி. ஸ்டுடியோ ரகங்களில் இது எகிறும்: சென்ஹைசர் எச்டி 600 என்பது 300 ஓம். பேயர்டைனமிக் டிடி 770 புரோ ஒரே பெயரில் 32, 80, 250 ஓம் என்று வருகிறது. ஆன்லைனில் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று 250 ஓம் மாடலை வாங்கிப் போனில் மாட்டிவிட்டு, சத்தமே வரவில்லை என்பவர்கள் நிறைய. ஓம் மட்டுமே முடிவைச் சொல்லிவிடாது, சென்சிடிவிட்டி (கொடுக்கும் சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும்) என்று போட்டிருக்கும் டெசிபல் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு மில்லிவாட்டுக்கு 100-க்கு மேல் இருந்து ஓமும் குறைவாக இருந்தால் போனே ஓட்டிவிடும்.

3. காதில் உட்காருகிறதா என்று பாருங்கள்

ஒலித் தரத்தைப் பற்றிய புகார்களில் பாதி உண்மையில் பொருத்தம் பற்றிய புகார்தான் என்பது என் எண்ணம். காதுக்குள் செருகும் ரகத்தில் ரப்பர் டிப் காது வழியை முழுக்க அடைக்காவிட்டால் பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி வெளியே போய்விடும், பாட்டு தகரத்தில் தட்டியதுபோல் கேட்கும்.

சோதிப்பது எளிது. பாட்டு ஓடும்போது இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் டிப் அளவு தவறு, அடுத்த பெரிய அளவைப் போடுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் என்று கட்டாயமில்லை. இடது மீடியம், வலது லார்ஜ் என்று போட்டுக்கொள்பவர்கள் உண்டு. செருகும்போது மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்தால் வழி நேராகி, டிப் சரியாக உட்காரும். காதில் சீழ், வலி, அடிக்கடி மெழுகு அடைப்பு உள்ளவர்கள் இந்த ரகத்தின் பக்கமே போகாமல் முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

காதை முழுக்க மூடும் பெரிய ரகத்தில் எதிரி மூக்குக்கண்ணாடி. அதன் காம்பு குஷனுக்கும் தலைக்கும் நடுவே ஒரு இடைவெளியை உண்டாக்கும். கடையில் கண்ணாடியோடு போட்டுக் கேளுங்கள், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் குஷன் மிருதுவான வேறு மாடல் பாருங்கள். பத்து நிமிடம் கழற்றாமல் போட்டிருந்து, காம்பு பொட்டில் அழுத்துகிறதா என்றும் பாருங்கள்.

நம் ஊர் வெயிலையும் மறக்கக்கூடாது. ரெக்சின் குஷன் வியர்வையில் ஊறி, ஓரிரு வருடங்களில் செதில் செதிலாக உரியும். ஏசி இல்லாத அறையில் வேலை என்றால் துணி குஷன் நல்லது. ஆனால் மூடிய ரகத்தில் ரெக்சினைக் கழற்றிவிட்டுத் துணியைப் போட்டால் பேஸ் கொஞ்சம் குறையும்.

திறந்த ரகம், மூடிய ரகம் என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். கப்பின் வெளிப்பக்கம் சல்லடையாக இருந்தால் அது திறந்த ரகம். ஒலி விசாலமாக இருக்கும், காது புழுங்காது. ஆனால் நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், அவர் பேசுவது உங்களுக்கும் கேட்கும்.

4. வயரா, புளூடூத்தா

புளூடூத்தில் ஒலி காதுக்கு வர, சாதாரணமாக ஒரு வினாடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தாமதமாகும். படம் பார்க்கும் ஆப்கள் வீடியோவையும் அதே அளவு தாமதப்படுத்திச் சமாளித்துவிடும். கீபோர்டு வாசிப்பிலும், பாடிப் பதிவு செய்வதிலும், துப்பாக்கி கேமிலும் அப்படிச் சமாளிக்க முடியாது. கட்டையை அழுத்திய பிறகு ஸ்வரம் வந்தால் தாளம் கலைந்துபோகும். இந்த வேலைகளுக்கு வயர்தான், மறுபேச்சே இல்லை. கேமுக்கு மட்டும் யுஎஸ்பி டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட் சரிப்படும்.

அடுத்த குழப்பம் லேப்டாப்பில். பாட்டு அருமையாக ஓடிக்கொண்டிருக்கும், மீட்டிங்கில் சேர்ந்ததும் எல்லாம் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடும். ஹெட்போனின் மைக்கைத் திறந்தவுடன் புளூடூத் இசைப் பாதையிலிருந்து பேச்சுப் பாதைக்கு மாறுவதுதான் காரணம். பேச்சுப் பாதை ஒலியை வினாடிக்கு வழக்கமாக 16 ஆயிரம் முறைதான் அளக்கும் (16 கிலோஹெர்ட்ஸ் சாம்ப்ளிங்), பழைய கருவிகளில் 8 ஆயிரம் மட்டுமே. மீட்டிங் ஆப்பின் செட்டிங்கில் மைக்காக லேப்டாப்பின் மைக்கையும், ஸ்பீக்கராக ஹெட்போனையும் தேர்ந்தெடுங்கள். ஹெட்போன் இசைப் பாதையிலேயே நிற்கும். இது தெரியாமல் புது ஹெட்போன் வாங்கியவர்களுக்குப் புதியதிலும் அதேதான் நடக்கிறது.

கோடெக் (புளூடூத்தில் அனுப்ப ஒலியைச் சுருக்கும் முறை) பெயர்களைப் பார்த்துப் பணம் கொடுக்குமுன், அது உங்கள் போனிலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோன் ஏஏசி, எஸ்பிசி இரண்டோடு நின்றுவிடும். எல்டாக், ஆப்ட்எக்ஸ் எல்லாம் அதில் கிடையாது. ஐபோன்காரர் எல்டாக்குக்காக ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பதில் பொருளில்லை. ஆண்ட்ராய்டில் எல்டாக் இருந்தாலும், நெரிசலான ரயில் நிலையத்தில் அதன் உச்ச வேகமான 990 கிலோபிட்டில் விட்டுவிட்டுக் கேட்க வாய்ப்பு அதிகம். அங்கே ஏஏசிக்கு மாற்றிக்கொண்டால் நிம்மதி.

பேட்டரியையும் கணக்கில் வையுங்கள். சின்ன இயர்பட்ஸுக்குள் இருப்பது துளிப் பேட்டரி. இரண்டு மூன்று வருடத் தினசரி உபயோகத்தில் அதன் தெம்பு நன்றாகக் குறைந்துவிடும், பெரும்பாலானவற்றில் மாற்றவும் முடியாது. பெரிய புளூடூத் ஹெட்போன் என்றால், சார்ஜ் தீர்ந்தபிறகும் வயரில் ஓடும் மாடல் இருக்கிறதா என்று கேளுங்கள். கழுத்தில் மாட்டும் நெக்பேண்டைப் பலர் பழைய பாணி என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் ஜன்னலோர சீட்டில் தூங்கிவிடுபவருக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை, தொலைந்துபோக வழியே கிடையாது.

5. இரைச்சல் குறைப்பு உங்களுக்கு வேண்டுமா

முதலில் இரண்டு சுருக்கப் பெயர்களின் குழப்பம். பெட்டியில் ஈஎன்சி என்று பெரிதாகப் போட்டிருந்தால், எதிர்முனையில் பேசுபவருக்கு உங்கள் குரல் தெளிவாகப் போகும் என்று பொருள். உங்கள் காதுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வெளிச்சத்தத்தை உங்களுக்குக் குறைப்பது ஏஎன்சி. மலிவு ரகங்களில் முதலாவதைப் பார்த்து இரண்டாவது என்று நினைத்து வாங்குவது அன்றாடம் நடக்கிறது.

ஏஎன்சி என்பது வெளிச்சத்தத்தை மைக்கில் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி அழிக்கும் ஏற்பாடு. பஸ் எஞ்சின், ஏசி, விமானம் போன்ற தாழ்ந்த, சீரான முழக்கத்தின் அலை நீளமானது, எதிரலையைப் பொருத்த நேரம் கிடைக்கும். ஹார்ன், கண்டக்டர் விசில், பின்சீட்டுப் பேச்சு இவற்றின் அலை குட்டையானது, திடீரென்றும் வரும்; அங்கே ஏஎன்சி திணறும். அவற்றைத் தடுப்பது நன்றாக அடைக்கும் டிப்பும் குஷனும்தான். அதனால்தான் மூன்றாவது படி இதற்கு முன்னால் வந்தது.

சோதிக்கும்போது அமைதியான இடத்தில் போட்டுப் பார்க்காதீர்கள். கடை ஏசிக்கு அடியில் நின்று ஆன் செய்து, ஆஃப் செய்து பாருங்கள். டூவீலர் ஓட்டும்போது எந்த ரகமும் வேண்டாம்.

6. ஒவ்வொரு தேவைக்கும் எதைப் பார்ப்பது

மீட்டிங், கால் சென்டர் வேலை: வாய்க்கு அருகே மைக் குச்சி நீளும் யுஎஸ்பி ஹெட்செட். மைக் வாய்க்குப் பக்கத்தில் இருந்தால் மின்விசிறிச் சத்தம் தானாகவே பின்னுக்குப் போகும். விலையுயர்ந்த இயர்பட்ஸ் மென்பொருளால் செய்ய முயல்வதை இது வெறும் தூரத்தாலேயே செய்துவிடுகிறது.

ஆன்லைன் பாட்டு, வீணை, வயலின் வகுப்பு: வயர் ஹெட்போன், முடிந்தால் தனி மைக். கருவியைவிட முக்கியமான விஷயம் செட்டிங்கில் இருக்கிறது. மீட்டிங் ஆப்களின் இரைச்சல் குறைப்பு, மாறாமல் ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று நினைக்கும். தம்புரா மாறாமல் ஒலிக்கும் ஒன்று. மாணவர் பக்கத்தில் சுருதி கேட்டுக்கொண்டே இருக்கும், ஆசிரியருக்கோ அது வந்து வந்து காணாமல் போகும். நீண்ட கார்வையும் நடுவில் அறுபடும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியை ஆன் செய்யுங்கள், மற்ற ஆப்களில் நாய்ஸ் கேன்சலேஷனை அணையுங்கள். இதைச் செய்யாமல் எத்தனை ஆயிரத்துக்கு மைக் வாங்கினாலும் ஆசிரியருக்கு வித்தியாசம் தெரியாது.

பாடிப் பதிவு செய்ய: மூடிய ரகம் கட்டாயம். திறந்த ரகத்தில் பின்னணி இசை கசிந்து மைக்குக்குள் புகுந்துவிடும். சோனி எம்டிஆர்-7506, ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் போன்றவற்றை ஸ்டுடியோக்களில் பார்ப்பது இதனால்தான்.

ஓட்டம், ஜிம்: வியர்வைக்கு ஐபிஎக்ஸ்4 (தண்ணீர் தெறிப்பைத் தாங்கும் தரம்) போதும். அந்த எண் இயர்பட்ஸுக்குத்தான், அதன் சார்ஜிங் டப்பாவுக்குப் பெரும்பாலும் இருக்காது. நனைந்த பட்ஸைத் துடைக்காமல் டப்பாவில் போட்டால் பின்கள் அரிக்கும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு டிவி: இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். டிவியின் புளூடூத்தில் ஹெட்போனை இணைத்தால் பல டிவிகளில் ஸ்பீக்கர் அணைந்துவிடும், மற்றவர்களுக்குச் சீரியல் ஊமைப்படம் ஆகிவிடும். டிவியில் ஆப்டிகல் ஓட்டை இருந்தால் அதில் ஹெட்போனுக்கு ஒலி அனுப்பும் ஒரு டிரான்ஸ்மிட்டரை மாட்டுங்கள். பெரும்பாலும் ஸ்பீக்கரும் ஓடும், ஹெட்போனும் ஓடும். மாட்டிய பிறகும் ஒலி வராவிட்டால் டிவியின் டிஜிட்டல் ஆடியோ செட்டிங்கை பிசிஎம் (சுருக்காத ஒலி) என்று மாற்றுங்கள். டால்பி வடிவில் வெளியே போனால் சாதாரண டிரான்ஸ்மிட்டருக்குப் புரியாது. ஹெட்போனை ஸ்டாண்டில் மாட்டினாலே சார்ஜ் ஏறும், டிவிக்கென்றே வரும் ரகம் கிடைத்தால் அதுவே மேல். குட்டி டப்பாவும் தொடு பட்டனும் எழுபது வயது விரல்களுக்கு ஒத்துவருவதில்லை. வால்யூமைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்றால் காது பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

பழைய பாட்டு: ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) கூர்மையான ஹெட்போனில் ஒலிநாடாவின் சீற்றமும் இசைத்தட்டின் பொரியும் சத்தமும் முன்னால் வந்து நிற்கும். குரல் பகுதி நிறைவாக, மேல் பகுதி சற்று மிருதுவாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

7. பெட்டியில் உள்ள எண்களில் எதை நம்புவது

20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்பதை எல்லோரும் போடுகிறார்கள். அந்த எல்லைக்குள் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்லாதவரை அதில் தகவல் எதுவும் இல்லை. 13 மி.மீ. டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) 10 மி.மீ. டிரைவரைவிட நல்லது என்பதும் கிடையாது. பேட்டரி நேரம் பெரும்பாலும் ஏஎன்சி அணைத்து, நடுத்தர வால்யூமில் அளந்தது. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இந்தியாவில் வாங்கும் வயர்லெஸ் ரகங்களில், ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அதை அடித்தால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்று வரும். பெட்டியிலுள்ள பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையென்றால், கடைக்காரரிடம் ஏன் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

8. கேட்டுப் பாருங்கள்

இப்போதுதான் ஒலி. இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது வால்யூமைச் சமமாக்குங்கள். சத்தம் சற்றுக் கூடுதலாக இருப்பதே நல்லதாகத் தோன்றும். காதின் இயல்பு அது.

முதலில் ஒரு பழைய மோனோ பாடலை, அதாவது இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும் பாடலை, போடுங்கள். பாடகர் குரல் சரியாகத் தலைக்கு நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் பழுது ஹெட்போனிலோ போனின் பேலன்ஸ் செட்டிங்கிலோ, மாறாவிட்டால் உங்கள் காதில்.

அடுத்து மிருதங்கத் தனி ஆவர்த்தனம். தொப்பியின் (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) கும்கியும் வலந்தலையின் (வலப்பக்கம்) வெட்டும் தனித்தனியே விழ வேண்டும். தொப்பி வீங்கி வலந்தலையை விழுங்கினால் பேஸ் அதிகம். பிறகு ஒரு பெண் குரல்: 'ச', 'ஷ' வரும் இடங்களில் காதில் ஊசி குத்தினால், அரை மணி நேரத்துக்கு மேல் அந்த ஹெட்போனைத் தாங்கமாட்டீர்கள்.

மைக் வேண்டுமென்றால் கடை வாசலில் நின்று குரலைப் பதிவு செய்து, அங்கேயே கேளுங்கள். கடைக்காரர் பேசிக் காட்டுவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

9. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள்

ஒரு முழு மீட்டிங்கோ ஒரு முழுப் படமோ கழற்றாமல் போட்டிருங்கள். உச்சந்தலை வலியும் காது மடல் சூடும் முதல் பத்து நிமிடத்தில் தெரியாது. தெருவில் நின்று யாரிடமாவது பேசுங்கள். போனிலும் லேப்டாப்பிலும் சேர்த்து இணைத்து, அழைப்பு வரும்போது சரியாக மாறுகிறதா என்று பாருங்கள்.

ஒலி கிட்டத்தட்டப் பிடித்து, சின்னக் குறை மட்டும் இருந்தால் திருப்புமுன், ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை முயலுங்கள். ஆண்ட்ராய்டில் வேவ்லெட், விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இரண்டும் நல்லவை. குறையும் பகுதியைக் கூட்டுவதைவிட, துருத்தும் பகுதியைக் குறையுங்கள். கூட்டினால் உச்சத்தில் ஒலி உடையும். ஒலியைப் பெருக்கும் ஆம்ப் வாங்கும் யோசனை வந்தால், வால்யூம் போதாத நிலை உண்மையிலேயே இருந்தால் மட்டும் வாங்குங்கள். மீதிப் பணத்தில் மாற்று டிப்பும் குஷனும் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

வால்யூமுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10. ஐபோனில் ஹெல்த் ஆப்பே கேட்ட அளவைக் காட்டும். பிள்ளைகள் போனில் வால்யூம் உச்சவரம்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். பிறகு போட்டால் சண்டை வரும்.